செல் நடக்குது... பார்த்தீங்களா?

சாயங்காலம் ஆறு மணி. புதுச்சேரி கடற்கரைச் சாலை. வண்டிகள் உள்ளே வராமல் தடுப்பு போட்டாச்சு. காந்தி சிலையைச் சுற்றி ஊரே இறங்கி வந்திருக்கு. வாக்கிங் ஷூ மாமாக்கள், சுண்டல் பொட்டலத்தோடு ஹாஸ்டல் பெண்கள், வீக் எண்டுக்கு வந்த சென்னை பார்ட்டிகள்... எல்லாரும் விறுவிறுன்னு நடக்கறாங்க.

இப்ப அப்படியே பக்கத்துல இருக்கற மணலில் இறங்குங்க. அதே கால்தான், அதே ஆள்தான். ஆனா, வேகம் பாதி! கால் புதையுது, பிடிமானம் இல்லை, நாலு எட்டு வெச்சதும் மூச்சு வாங்குது.

ஒரு சின்ன கற்பனை. உங்க கண்ணைக் கட்டிவிட்டு, ஒரு காலை ரோட்டிலும் இன்னொரு காலை மணலிலும் வெச்சு, 'நட ராஜா'ன்னு சொன்னா எந்தப் பக்கம் சாய்வீங்க? ரோட்டுப் பக்கம்தானே? உங்க உடம்புக்குள்ளே இருக்கும் பல செல்களும் அதையேதான் செய்யுது. கண் இல்லை, காது இல்லை, மூளையும் இல்லை. ஆனா, காலுக்குக் கீழே இருக்கற தரை கெட்டியா, மெத்தையான்னு தொட்டுப் பார்த்து, அதை வெச்சே திசையை முடிவு பண்ணுது!

செல்னு சொன்னதும் பாக்கெட்டைத் தடவாதீங்க பாஸ். நான் சொல்றது உயிர் செல். ப்ளஸ் டூ-வோட மூட்டை கட்டி பரணில் போட்டோமே, அதே உயிரியல் செல்தான். 'நான் மெக்கானிக்கல், எனக்கு எதுக்கு இது?'ன்னு பக்கத்தைப் புரட்டப் போறீங்களா? ஒரு நிமிஷம் இருங்க. இது உங்க சப்ஜெக்ட்தான்!

சிராய்ப்புக்குள் ஒரு ஊர்வலம்

ஈ.சி.ஆர்-ல ஸ்கூட்டி சறுக்கி, முட்டி தேய்ஞ்ச அனுபவம் யாருக்குத்தான் இல்லை? பத்து நாளில் பொருக்கு உதிர்ந்து, அடியில் ரோஸ் கலரில் புதுத் தோல் எட்டிப் பார்க்கும். அந்தத் தோல் எங்கிருந்து வந்தது? காயத்தின் ஓரத்தில் இருந்த செல்கள் பெருகி, வரிசையாக உள்ளே நடந்து வந்து பள்ளத்தை மூடியிருக்கின்றன. நிஜமாகவே நடந்து!

எப்படி நடக்கும்? செல் முதலில் முன்பக்கம் ஒரு மெல்லிய விசிறி மாதிரி நீட்டும். அந்த விசிறியை உள்ளிருந்து தள்ளுவது ஆக்டின் என்கிற புரத இழைகள். நீட்டிய இடத்தில் இன்டெக்ரின் என்கிற புரதக் கொக்கிகளால் தரையைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மயோசின் என்கிற மோட்டார் புரதம் இழைகளை இழுக்க, உடம்பு முன்னே நகரும். கடைசியில் பின்பக்கப் பிடி விடும். நீட்டு, பிடி, இழு, விடு! தென்னை மரம் ஏறுறவரைப் பார்த்திருப்பீங்களே, ஏறக்குறைய அதே டெக்னிக்.

வேகம்? சிரிக்கக் கூடாது. ஃபைப்ரோபிளாஸ்ட் என்கிற செல் வகை ஒரு மணி நேரத்தில் கடப்பது மைக்ரோமீட்டர் கணக்கில் சில பத்துகள்தான். உங்க தலைமுடி ஒன்றின் தடிமனைக் கடக்கவே ரெண்டு, மூணு மணி நேரம் ஆகும். ஆனா, நிறுத்தாம நடக்கும். அதனாலதான் உங்க முட்டி ஆறுது.

ரப்பரில் விழுந்த சுருக்கம்

செல் தரையை இழுக்கிறது என்பதை முதன்முதலாகப் பளிச்சென்று காட்டியவர் ஆல்பர்ட் ஹாரிஸ். 1980-ல் அவரும் கூட்டாளிகளும் மெல்லிசான சிலிக்கோன் ரப்பர் படலத்தின் மேல் செல்களை நடக்க விட்டார்கள். செல் போன இடமெல்லாம் ரப்பரில் சுருக்கம்! கட்டில் விரிப்பைக் கையால் பிடித்து இழுத்தால் விழுமே, அதே மாதிரி.

சரி, செல் தரையை இழுக்குது. தரை பதிலுக்கு என்ன பண்ணுது? இங்கேதான் மெக்கானிக்கல் பசங்க நிமிர்ந்து உட்காரணும். 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பேப்பர் ஞாபகம் இருக்கா? (அரியர் வெச்சவங்களுக்குக் கண்டிப்பா இருக்கும்!) தகைவை விகாரத்தால் வகுத்தால் வருவது யங் குணகம். ஒரு பொருளை எவ்வளவு இழுத்தால் எவ்வளவு நீளும் என்கிற கணக்கு. எஃகுக்கு அது சுமார் 200 கிகா பாஸ்கல். நம்ம மூளைக்கு? ஒரு கிலோ பாஸ்கல், அதற்கும் கீழே! தசைக்கு பத்து கிலோ பாஸ்கல் வாக்கில். செல்களை வளர்க்க லேப்களில் பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு இருக்கே, அது கிகா பாஸ்கல் கணக்கு. அதாவது, மூளையை விடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேலே கெட்டி. மெத்தையில் வாழ்ந்த செல்லைக் கொண்டுபோய் கருங்கல் தரையில் உட்கார வெச்சு, 'எப்படி இருக்கே?'ன்னு பல வருஷமா விசாரிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க!

இதை மாற்றியது ஒரு ஜெல்லி. பாலிஅக்ரிலமைடு ஜெல். பயோடெக் மாணவர்களுக்கு இது தினசரி நண்பன், புரதங்களைப் பிரிக்க ஊற்றுவார்களே, அதேதான். அதில் குறுக்கே பிணைக்கும் வேதிப்பொருளைக் கூட்டினால் ஜெல் கெட்டியாகும், குறைத்தால் கடல்பாசி இனிப்பு மாதிரி கொழகொழ. 1997-ல் ராபர்ட் பெல்ஹாமும் யு-லி வாங்கும் இந்த ஜெல்லின் மேல் செல்களை வளர்த்துக் காட்டினார்கள். மேல்பூச்சு ஒன்றே, கெட்டித்தன்மை மட்டும் வேறு. செல்களின் நடத்தையே மாறியது.

அடுத்து வந்ததுதான் சூப்பர். 2000-ம் வருஷம் வாங், அவருடன் சுன்-மின் லோ, மைக்கா டெம்போ உள்ளிட்டவர்கள், ஒரே தட்டில் பாதி மெத்தை, பாதி கெட்டி ஜெல் ஊற்றினார்கள். மெத்தைப் பக்கம் சுமார் 14 கிலோ பாஸ்கல், கெட்டிப் பக்கம் சுமார் 30. மெத்தைப் பக்கமிருந்து வந்த செல்கள் எல்லையை ஈஸியாகத் தாண்டி கெட்டிப் பக்கம் போயின. கெட்டிப் பக்கமிருந்து வந்தவை? எல்லைக்கு வந்து, தொட்டுப் பார்த்து, 'இது நமக்கு ஒத்துவராது' என்று திரும்பிவிட்டன!

இதற்கு அவர்கள் வைத்த பெயர் ட்யூரோடாக்ஸிஸ். லத்தீனில் 'ட்யூரஸ்' என்றால் கெட்டி. நம்ம ஊர்ல பிரெஞ்சு படிச்சவங்களுக்கு இது உடனே பிடிபடும். பிரெஞ்சில் 'ட்யூர்' என்றாலும் கெட்டிதானே!

கிளட்ச் பிடிக்குதா?

மூளையே இல்லாத செல், கெட்டியை எப்படிக் கண்டுபிடிக்குது? உங்க பைக்கில் இருக்கிற கிளட்ச்தான் பதில். விஞ்ஞானிகளே இதை மூலக்கூறு கிளட்ச் என்றுதான் சொல்கிறார்கள். 

செல்லுக்குள் ஆக்டின் இழைகள் எந்நேரமும் பின்னோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். அது எஞ்சின். தரை, டயர் தொடும் ரோடு. நடுவில் இருக்கும் கொக்கிப் புரதங்கள்தான் கிளட்ச். கிளட்ச் பிடித்தால் எஞ்சினின் இழுவிசை தரைக்குப் போகும், வண்டி நகரும். வழுக்கினால் எஞ்சின் உறுமும், வண்டி நிற்கும்.

தரை கெட்டியாக இருந்தால், செல் இழுத்ததும் விசை சட்டென்று ஏறும். அந்த இழுப்பில் டாலின் என்கிற புரதம் மடிப்புக் கலைந்து நீளும். மடிப்புக்குள் ஒளிந்திருந்த இடங்களில் வின்குலின் என்கிற இன்னொரு புரதம் வந்து ஒட்டும். பிடி இன்னும் இறுகும். தரை கொழகொழவென்றால்? இழுத்த இழுப்புக்குத் தரையே கூட வந்துவிடும். விசை ஏறுவதே இல்லை, பிடியும் இறுகுவதில்லை. ஆக, ஒரு பக்கம் கெட்டி, ஒரு பக்கம் மெத்தை என்றால், கெட்டிப் பக்கப் பிடி ஜெயிக்கும், செல் அங்கே நகரும். கயிறு இழுக்கும் போட்டி மாதிரிதான்!

'அப்ப எல்லா செல்லும் கெட்டியைத்தான் தேடுமா?' என்று கேட்டால் நீங்க புத்திசாலி. இல்லை! அளவுக்கு மீறி கெட்டியானால் விசை படாரென்று ஏறி, சில செல்களின் கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு செல்லுக்கும் தனக்கென்று ஒரு சௌகரியமான கெட்டித்தன்மை உண்டு. தவளைக் கருவில், கண்ணிலிருந்து மூளைக்கு வளரும் நரம்பு இழைகள் மெத்தையான பக்கம் திரும்புவதை 2016-ல் காட்டினார்கள். மூளைப் புற்றுநோய் செல் வகை ஒன்று கெட்டியிலிருந்து மெத்தைக்கு நடப்பதை 2022-ல் பார்த்தார்கள்.

மூணு புரிக் கயிறு

உடம்புக்குள் ஜெல்லும் இல்லை, ரப்பரும் இல்லை. அங்கே தரை எது? பெரும்பாலும் கொலாஜன். பாலூட்டிகளின் உடம்பில் மிக அதிகமாக இருக்கும் புரதம் இதுதான். தோல், தசைநார், எலும்பு எல்லாவற்றிலும் இருக்கு.

அந்தத் தரையின் அமைப்பைக் கண்டுபிடித்த இடம் எது தெரியுமா? நம்ம சென்னை! 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் என்பது மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய முறுக்கு என்று உலகுக்குச் சொன்னார்கள். வைத்திக்குப்பம் போய்ப் படகு கட்டும் கயிற்றைப் பிரித்துப் பாருங்க. புரிபுரியா முறுக்கியிருப்பாங்க. ஏன்? தனித்தனி நூலை விட, முறுக்கிய கயிறுதான் இழுவிசையைத் தாங்கும். இயற்கை அந்தப் பாடத்தை எப்பவோ படிச்சு முடிச்சிருச்சு.

இன்ஜினீயரிங் நண்பர்களே, இன்னொரு மேட்டர். 1942-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராமச்சந்திரன் முதலில் சேர்ந்தது எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங். அப்புறம்தான் சி.வி.ராமனிடம் இயற்பியலுக்கு மாறினார். கடைசியில் சாதித்தது உயிரியலில்! 'டிபார்ட்மென்ட் மாத்திப் படிச்சா என்ன ஆகும்?'னு கவலைப்படறவங்க இதைக் கொஞ்சம் யோசிங்க.

அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தை நாம் செருப்பு, பெல்ட்டோடு மட்டும்தான் முடிச்சுப் போடுவோம். ஆனா, அங்கேதான் தீக்காயங்களுக்கு மேலே போடும் கொலாஜன் படலத்தையும் உருவாக்கினார்கள். காயத்தை மூடிப் பாதுகாப்பதோடு, ஆறவைக்க வரும் செல்களுக்கு நடக்க ஒரு தரையும் கிடைத்துவிடுகிறது.

தரை போடும் உத்தரவு

தரை, நடையை மட்டுமா மாற்றும்? ஆளையே மாற்றும்! 2006-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலிருந்து ஆடம் எங்லர், ஷாமிக் சென், லீ ஸ்வீனி, டென்னிஸ் டிஷர் நாலு பேரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை, மூளை அளவு மெத்தையான ஜெல்லில் விட்டால் நரம்பு செல் மாதிரி கிளை விட்டன. தசை அளவு கெட்டியில், தசையின் அடையாளங்கள். இன்னும் கெட்டியான, எலும்பாக மாறப்போகும் திசு அளவு தரையில், எலும்பு செல்லின் அடையாளங்கள். சத்து ஒன்றே, செல்லும் ஒன்றே. தரை மட்டும்தான் வேறு! அந்த நால்வரில் ஷாமிக் சென் பின்னர் மும்பை ஐ.ஐ.டி-யில் பேராசிரியராகி, புற்றுநோய் செல்களின் நடையை ஆராய்ந்து வருகிறார்.

சென்னை ஐ.ஐ.டி-யில் 1977-ல் மெக்கானிக்கல் முடித்த சுப்ரா சுரேஷின் கதையும் இந்த வகைதான். உலோகம் எப்படி விரிசல் விடும் என்று ஆராய்ந்தவர், பிறகு ரத்த சிவப்பணு பக்கம் வந்தார். மலேரியா கிருமி புகுந்த சிவப்பணு எவ்வளவு கெட்டியாகிறது என்று லேசரால் இழுத்து அளந்தது அவர் குழு. சாதாரண சிவப்பணு தன்னை விடக் குறுகலான ரத்தக் குழாயிலும் வளைந்து நுழைந்துவிடும். கெட்டியானது நுழைய முடியாமல் அடைத்துக்கொள்ளும். சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகத்தில் இந்தத் துறைக்கென்றே 2009-ல் தனி நிறுவனம் தொடங்கினார்கள். பெயர், மெக்கனோபயாலஜி இன்ஸ்டிட்யூட்.

பாண்டிக்கு வர்றவங்க கவனத்துக்கு!

'பாண்டிக்குப் போலாமா மச்சி?'ன்னு யாராவது கேட்டா அதுக்கு என்ன அர்த்தம்னு தமிழ்நாட்டுக்கே தெரியும். அந்த மச்சிகளுக்கு ஒரு செய்தி. கல்லீரல் ஆரோக்கியமாக இருக்கும்போது சுமார் 5 கிலோ பாஸ்கல். குடி, கொழுப்பு, வைரஸ், எதனால் அடிபட்டாலும் அங்கே தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு வகை செல்கள் விழித்துக்கொண்டு கொலாஜனைக் கொட்ட ஆரம்பிக்கும். கொலாஜன் கூடினால் தரை கெட்டியாகும். தரை கெட்டியானால் அந்தச் செல்கள் இன்னும் சுறுசுறுப்பாகும், இன்னும் கொட்டும். நச்சுச் சுழல்! சிரோசிஸ் என்ற நிலைக்கு வரும்போது கெட்டித்தன்மை பழைய அளவைப் போல ரெண்டு, மூணு மடங்கு தாண்டியிருக்கும்.

இதை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் கருவி பிறந்தது பாரிஸில், 2003-ல் புழக்கத்துக்கு வந்தது. விலா எலும்புக்கு நடுவில் ஒரு சின்னத் தட்டு தட்டும். அந்த அதிர்வு கல்லீரலில் எவ்வளவு வேகமாகப் பயணிக்கிறது என்று அல்ட்ராசவுண்டால் பார்க்கும். கெட்டியான பொருளில் அலை வேகமாகப் போகும். ஊசி இல்லை, வலி இல்லை. ரிப்போர்ட்டில் கிலோ பாஸ்கல் என்றே அச்சடித்துத் தருவார்கள். பரீட்சைக்காக உருப்போட்ட ஒரு யூனிட், உயிர் விஷயமாக வந்து நிற்கிற இடம் அது.

அத்தை சொல்லாத கட்டி

எனக்கு இந்த சப்ஜெக்ட் மேல ஆர்வம் வந்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. என் அத்தை. மார்பில் ஒரு கட்டி. மாசக்கணக்கா யார்கிட்டயும் சொல்லலை. 'வலிக்கவே இல்லையேடா, அப்புறம் எதுக்கு டாக்டர்? ஆம்பளைங்க இருக்கற வீட்ல இதை எப்படிச் சொல்றது?' இதுதான் அத்தை பின்னாடி சொன்ன காரணம். அம்மாகிட்ட எதேச்சையா வாய் விட்டதுல விஷயம் வெளியே வந்துச்சு. டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்துட்டு, 'கல்லு மாதிரி இருக்கு, நகரலை, உடனே டெஸ்ட் எடுங்க'ன்னார். ரிசல்ட், புற்றுநோய்.

அன்னிக்கு அந்த 'கல்லு மாதிரி' என்கிற வார்த்தை எனக்கு மனசுல நின்னுடுச்சு. ஏன் கல்லு மாதிரி? இப்பதான் புரியுது. கட்டியைச் சுற்றி கொலாஜன் குவிகிறது, இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. எலிகளில் அளந்தபோது, சாதாரண மார்பகத் திசுவை விடப் புற்றுக் கட்டி இருபது மடங்குக்கும் மேலே கெட்டியாக இருந்தது என்று 2005-ல் வந்த ஆய்வு சொல்கிறது. அந்தக் கெட்டித்தன்மை வெறும் அறிகுறி மட்டுமல்ல, செல்களைத் தூண்டிவிடும் காரணமும்கூட. விறைப்பாக நீண்ட கொலாஜன் இழைகள் புற்று செல்களுக்கு வெளியே போக ரோடு மாதிரி ஆகிவிடுகின்றன. புற்றுநோயில் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் முதல் கட்டி இல்லை, அங்கிருந்து கிளம்பி வேறு உறுப்புக்கு நடந்துபோன செல்கள்தான். ஆக, அத்தை வாய் திறக்காம இருந்த ஒவ்வொரு மாசமும், உள்ளே ஒரு ரோடு போடும் வேலை நடந்துக்கிட்டு இருந்திருக்கலாம்.

பயமுறுத்தறதுக்காகச் சொல்லலை. எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை. நம்ம வயசுப் பெண்களுக்கு வருவதில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவைதான். ஆனா, அதை முடிவு பண்ண வேண்டியது டாக்டர். கெட்டியா இருக்கா, மெத்தையா இருக்கான்னு நீங்களே அழுத்திப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீங்க. 'வலிக்கலை'ங்கறது நல்ல செய்தின்னு நினைக்காதீங்க. புதுசா ஒரு கட்டி தெரிஞ்சா காட்டிடுங்க, அவ்வளவுதான். நம்ம ஊர் ஜிப்மரிலேயே பிராந்திய புற்றுநோய் மையம் இருக்கு. சென்னையில், 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையம் இருக்கு.

இன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு போன் போடுவீங்க இல்லையா? 'சாப்டியா, தூங்கினியா'வோடு சேர்த்து அம்மாகிட்ட, அத்தைகிட்ட, பாட்டிகிட்ட இதையும் ஒரு வார்த்தை கேளுங்க. பசங்களும்தான்! கூச்சமாத்தான் இருக்கும். எனக்கும் இருந்துச்சு. அந்தக் கூச்சத்துக்கு எங்க வீடு கொடுத்த விலை, ஆபரேஷன், ஆறு மாச கீமோ, அத்தையோட நீளமான பின்னல்.

அத்தை இப்ப நல்லா இருக்காங்க. முடி திரும்ப வளர்ந்தாச்சு. காலையில கடற்கரைச் சாலையில என்கூட நடக்கறாங்க. போன வாரம், 'மணல்ல இறங்கலாமா அத்தை?'ன்னு கேட்டேன்.

"வேணாம்டா, கால் புதையும். கெட்டித் தரையிலேயே நடப்போம்"னாங்க.